முதலில் நீர், அடுத்து நிலம், பிறகு வழிகாட்டி: போட்ஸ்வானா காட்டுப் பயணத்தைத் திட்டமிட்ட அனுபவம்

ஒக்கவாங்கோ டெல்டாவில் வெள்ளம் வருவது மழைக்காலத்தில் அன்று. மழை ஓய்ந்து, புல் காய்ந்து, மாதக்கணக்கில் ஒரு துளியும் விழாத குளிர்காலத்தில்தான் அங்கே நீர் உயர்கிறது. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்னும் ஆறுகளில் இறங்கி, நமீபியாவின் குறுகிய நிலத்துண்டைக் கடந்து, வடமேற்குப் போட்ஸ்வானாவின் மணல்வெளிக்குள் நுழைந்து பல கிளைகளாகப் பரவுகிறது. நிலத்தின் சரிவு மிகச் சிறிது என்பதால், நாணல்களுக்கிடையே ஊர்ந்து வரும் அந்த நீர் டெல்டாவின் தென்முனையில் உள்ள மவுன் நகரத்தை எட்டுவதற்குள் ஜூன், ஜூலை ஆகிவிடுகிறது. கடலைச் சேராமலே பெரும்பகுதி ஆவியாகியும் எஞ்சியது மணலில் இறங்கியும் முடிந்துபோகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வழிகாட்டியுடன் காட்டுப் பயணம் செல்ல நினைப்பவர், விடுதிகளின் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த நீரின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நீர் எந்த மாதத்தில் எங்கே நிற்கும் என்பது தெரிந்தால், விலங்குகள் எங்கே கூடும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த நிலம், அதற்குப் பிறகு எந்த வழிகாட்டி. படுக்கையும் உணவும் கடைசியில்தான். பயண முகவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

சென்னையிலிருந்து நாங்கள் நால்வர் சென்றோம்: நான், என் மனைவி, மைத்துனர், அவருடைய மனைவி. மைத்துனருக்குப் பறவைகள் வேண்டும். என் மனைவிக்கு யானைக் கூட்டங்களை அருகிருந்து பார்க்க வேண்டும். எனக்கோ ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளைய ஆசை. இந்த மூன்று விருப்பங்களும் ஒரே மாதத்தில் நிறைவேறுமா என்பதுதான் நாங்கள் முதலில் எழுப்பிய கேள்வி. மே முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். காட்டுக்குள் தேங்கிய மழைக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற, விலங்குகள் வற்றாத ஆறுகளையும் டெல்டாவின் விளிம்புகளையும் நாடி வருகின்றன. இலைகள் உதிர்ந்து புல்லும் தாழ்ந்துவிடுவதால் கண்ணுக்கு எட்டும் தொலைவும் கூடுகிறது. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் விலங்குகளைப் பார்க்கும் வாய்ப்பு உச்சத்தில் இருக்கும், ஆனால் வெயில் நாற்பது டிகிரியை நெருங்கும், புழுதியும் புகையும் வானத்தை மங்கச் செய்யும். நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்யும். பாதைகள் சேறாகி வண்டிகள் புதைவதும் உண்டு, விலங்குகளும் சிதறிவிடும். ஆயினும் இம்பாலா என்னும் மான்கள் குட்டி ஈனுவதும், இடம்பெயரும் பறவைகள் வந்து சேர்வதும், மகடிக்கடி உப்புச் சமவெளிப் பக்கம் வரிக்குதிரைகள் திரள்வதும் அந்தப் பருவத்தில்தான். கட்டணமும் அப்போது கணிசமாகக் குறையும். பறவைகளுக்காக மட்டும் செல்பவர் மழைக்காலத்தை ஒதுக்க வேண்டியதில்லை என்று மைத்துனர் இன்றும் வாதிடுவார். அவர் சொல்வது சரியே.

காட்டுநாய்கள்தான் எங்கள் மாதத்தை முடிவு செய்தன. ஆண்டின் பெரும்பகுதி இவை மிகப் பரந்த நிலப்பரப்பில் ஓரிடத்தில் நில்லாமல் அலைபவை. இன்று கண்ட இடத்தில் நாளை இரா. குட்டி ஈனும் காலத்தில் மட்டும், அதாவது ஏறக்குறைய ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, கூட்டம் முழுவதும் ஒரு வளையைச் சுற்றியே தங்கி, காலையிலும் மாலையிலும் வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும். வளை எங்கே என்று அப்பகுதி வழிகாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும். டெல்டாவில் வெள்ளமும் அதே மாதங்களில் உயர்ந்திருக்கும் என்பதால் படகுப் பயணமும் வாய்க்கும். ஆகவே ஜூலை கடைசியைத் தேர்ந்தோம். கோடை விடுமுறையில் மட்டுமே பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கூடியவர்கள் ஏப்ரல், மே மாதங்களை அஞ்ச வேண்டாம். மே மாதத்தில் மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் குளிரும் இதமாக இருக்கும், உச்சப் பருவத்தின் கூட்டமும் விலையும் இரா. உயர்ந்து நிற்கும் புல்தான் ஒரே குறை. சிறு குழந்தைகளுடன் செல்பவர்களுக்குப் போட்ஸ்வானாவின் வடபகுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மலேரியாப் பகுதி. பல முகாம்கள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஏற்பதும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மடிக்வே, பிலானஸ்பர்க், அடோ போன்ற மலேரியா இல்லாத காப்பகங்கள் இருக்கின்றன. காண்டாமிருகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் தென்னாப்பிரிக்காவே பொருந்தும். ஒக்கவாங்கோவில் அவை கள்ளவேட்டையால் பெரிதும் குறைந்துவிட்டன.

அடுத்தது நிலம். விளம்பரப் படங்களில் எல்லாக் காடும் ஒன்றுபோலத் தெரியும், சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. போட்ஸ்வானாவில் சோபே தேசியப் பூங்கா, மொரேமி காப்பகம் போன்ற அரசு நிலங்களில் சூரிய மறைவுக்குப் பிறகு வண்டியில் சுற்ற முடியாது. பாதையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. நடந்து செல்லும் பயணமும் வழக்கத்தில் இல்லை. அவற்றை அடுத்துள்ள, தனியார்க்கும் ஊர்க் கூட்டமைப்புகளுக்கும் குத்தகைக்கு விடப்பட்ட பகுதிகளில் இந்த மூன்றுக்கும் இடம் உண்டு. அங்கே வண்டிகளும் குறைவு, ஆகவே விலை மிக அதிகம். தென்னாப்பிரிக்காவிலும் இதே பிரிவினை உண்டு. க்ரூகர் பூங்காவுக்குள் யாரும் சொந்த வண்டியை ஓட்டிச் செல்லலாம், ஆனால் சாலையை விட்டு இறங்க முடியாது. அதன் மேற்கு எல்லையை ஒட்டிய சபி சாண்ட் தனியார் காப்பகத்துக்கும் க்ரூகருக்கும் இடையிலிருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டது. ஒரே சிறுத்தை இரண்டு நிலத்திலும் நடமாடும், ஆனால் அதைத் தொடர்ந்து புதருக்குள் செல்லும் உரிமை தனியார் காப்பகத்தின் வழிகாட்டிக்கு மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டு விலைப்பட்டியல்களை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. காட்டில் நடப்பதே நோக்கம் என்றால் போட்ஸ்வானாவை விட்டு ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவுக்கோ ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸுக்கோ செல்வதே முறை. லுவாங்வாவில் ஆயுதம் ஏந்திய அரசுக் காவலர் ஒருவர் வழிகாட்டியோடு உடன் வருவார்.

எங்கள் கையிருப்புக்கு ஏற்ற வழி, நடமாடும் முகாம். மவுனிலிருந்து புறப்படும் இவ்வகைப் பயணத்தில் வழிகாட்டியும் பயணிகளும் திறந்த வண்டியில் விலங்குகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செல்ல, சமையற்காரரும் உதவியாளர்களும் சரக்கு வண்டியில் முன்னே போய்ப் பூங்காவுக்குள் ஒதுக்கப்பட்ட தனி இடத்தில் கூடாரங்களை அடித்து, குழி வெட்டிக் கழிப்பிடம் அமைத்து, மரக்கிளையில் வாளியைத் தொங்கவிட்டு வெந்நீர்க் குளியலுக்கு ஏற்பாடு செய்துவிடுவார்கள். இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒருமுறை முகாம் இடம் மாறும். சிறு விமானத்தில் பறந்து சென்று தங்கும் விடுதிகளை விட இதற்குச் செலவு பெரிதும் குறைவு. இதிலும் இரண்டு வகை உண்டு: எல்லா வேலையையும் பணியாளர்களே செய்யும் முழுச் சேவை முகாம் ஒன்று, கூடாரம் அடிப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் பயணிகளும் பங்கேற்கும் மலிவான முகாம் மற்றொன்று. எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் மொரேமியில் தொடங்கி, க்வாய், சவூட்டி வழியாக வடக்கே சோபே ஆற்றங்கரைக்குச் சென்று அங்குள்ள கசானே ஊரில் முடித்தோம். க்வாய் ஊர்க் கூட்டமைப்பின் நிலத்தில் மட்டும் இரவு உலாவுக்கு அனுமதி இருந்ததால், வழியில் அதைச் சேர்க்கும்படி நாங்களே வற்புறுத்தினோம். தேன்வளைக்கரடியையும் புனுகுப்பூனையையும் அந்த ஒரு நிலத்தில்தான் கண்டோம்.

மொரேமியைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. வேட்டையால் விலங்குகள் அழிந்துவருவதைக் கண்ட படவானா மக்கள், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவியும் அப்போதைய ஆட்சிப் பொறுப்பாளருமான புலானே மொரேமியின் தலைமையில், தங்கள் பரம்பரை நிலத்திலேயே 1963இல் இந்தக் காப்பகத்தை அமைத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஆட்சியாளர்கள் கோடு கிழித்து ஊராரை வெளியேற்றிய காப்பகங்கள் மலிந்த கண்டத்தில் இது வேறு வகையான வரலாறு. ஒக்கவாங்கோ 2014இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலின் ஆயிரமாவது இடமாகச் சேர்க்கப்பட்டது.

இனி வழிகாட்டி. ஒரே காட்டில், ஒரே காலையில், இரண்டு வண்டிகள் இரண்டு வேறு உலகங்களைப் பார்த்துத் திரும்பலாம். அந்த வேறுபாடு முழுவதும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவரைச் சார்ந்தது. போட்ஸ்வானாவில் வழிகாட்டிகள் அரசு உரிமம் பெற்றவர்கள். தென்னாப்பிரிக்காவில் வழிகாட்டிகள் சங்கம் ஒன்று படிநிலைத் தேர்வுகளை நடத்துகிறது. ஜிம்பாப்வேயில் ஆண்டுக்கணக்கில் பயிற்சியாளராக இருந்து, துப்பாக்கிப் பயிற்சி உள்ளிட்ட கடினமான தேர்வுகளைக் கடந்தவரே முழு வழிகாட்டியாக முடியும். இவற்றை விசாரிப்பது நல்லது. ஆனால் நாங்கள் மின்னஞ்சலில் முதலில் கேட்டது இன்னும் எளிய கேள்வி: தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வழிகாட்டி உடன் வருவாரா, அவர் இந்தப் பாதையில் எத்தனை பருவங்கள் வேலை செய்திருக்கிறார்? ஒரு நிறுவனம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் கூடாரங்களின் படங்களையே மீண்டும் அனுப்பியது. இன்னொன்று வழிகாட்டியின் பெயர், ஊர், அனுபவம், அவருக்குப் பறவைகளில் உள்ள ஈடுபாடு எல்லாவற்றையும் ஒரு பத்தியில் எழுதி அனுப்பியது. விலை சற்றுக் கூடுதலாக இருந்தும் இரண்டாவதையே தேர்ந்தோம்.

அவர் மவுனைச் சேர்ந்தவர், டெல்டாவின் விளிம்பில் மாடு மேய்த்து வளர்ந்தவர். முதல் நாள் மாலையிலேயே எங்களை உட்காரவைத்து, "உங்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை, எதற்காகக் காத்திருக்க உங்களுக்குப் பொறுமை உண்டு என்று சொல்லுங்கள்" என்றார். நல்ல வழிகாட்டிகள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இதைக் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன், கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்னும் ஐந்து பெரும் விலங்குகளின் பட்டியலைக் கையில் கொடுத்தால், மற்ற வழிகாட்டிகள் வண்டி வானொலியில் சொல்லும் செய்தியை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியை விரட்டிப் பட்டியலை முடித்துக் கொடுப்பார்கள். ஒரு சிங்கக் கூட்டம் எழும்வரை இரண்டு மணி நேரம் சும்மா உட்காரத் தயார் என்று சொன்னால், பயணம் வேறு விதமாக அமையும்.

அவர் வேலை செய்யும் முறையைப் பார்ப்பதே எங்களுக்குப் பயணத்தின் பாதி இன்பமாக இருந்தது. க்வாய் அருகே ஒரு விடியலில் மணல் பாதையில் சிறுத்தையின் தடம் தெரிந்தது. பூனை இனத்தின் தடத்தில் பெரும்பாலும் நகம் பதியாது, உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மேடுகள் இருக்கும். கழுதைப்புலியின் தடத்திலும் நாயினத்தின் தடத்திலும் நகம் பதியும். இதுவரை புத்தகத்திலும் படிக்கலாம். அவர் குனிந்து பார்த்தது வேறொன்று. முந்தைய மாலை வண்டிகள் விட்டுச் சென்ற சக்கரக் கோட்டின் மேல் அந்தத் தடம் விழுந்திருந்தது. ஆனால் தடத்தின் மேல் இரவில் ஊரும் பூச்சிகளின் மெல்லிய கோடுகள் ஏதும் இல்லை. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் அது கடந்திருக்க வேண்டும் என்று சொல்லி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் தொலைவில் ஒரு மரத்தில் அணில் விடாமல் கத்தத் தொடங்கியது, பிறகு கௌதாரிகள். மேய்ந்துகொண்டிருந்த இம்பாலாக்கள் எல்லாம் ஒரே திசையை நோக்கித் திரும்பிச் சீறின. அவர் பார்த்தது சிறுத்தையை அன்று, இம்பாலாக்களின் பார்வையை. அந்தப் பார்வையின் மறுமுனைக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, எங்கள் ஊர்ச் சாலையோரங்களிலும் நட்டிருக்கும் சிவகுண்டல மரத்தின் தாழ்ந்த கிளையில் அது படுத்திருந்தது.

காட்டுநாய்களைக் கண்டதும் அவருடைய பொறுமையால்தான். வளைக்கு அருகே போகாமல், கூட்டம் வேட்டைக்குப் புறப்படும் வழி எது என்று முந்தைய நாளின் தடங்களிலிருந்து கணித்து, அந்த வழியில் நெடுநேரம் காத்திருந்தார். "வளையின் வாயிலில் வண்டியை நிறுத்தினால் படம் கிடைக்கும், ஆனால் தாய் குட்டிகளை வேறிடத்துக்கு மாற்றிவிடும்" என்றார். விலங்கை நெருக்கச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்துவதும், அதிக அன்பளிப்புக்கு ஆசை காட்டுவதும் பயணிகளிடம் உள்ள கெட்ட பழக்கங்கள். மறுக்கத் தெரிந்த வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

இன்னொரு சிறு செய்தி. போட்ஸ்வானாவில் யாரிடமும் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது பண்பற்ற செயல். ஆணிடம் 'துமெலா ரா' என்றும் பெண்ணிடம் 'துமெலா மா' என்றும் சொல்லி, அவர் பதில் சொன்ன பிறகே தண்ணீர் கேட்பதும் வழி கேட்பதும். முகாமில் பாத்திரம் கழுவும் இளைஞரிடமும் இப்படியே நடந்துகொண்டால் முழு முகாமின் முகமும் மாறிவிடுவதைக் கண்கூடாகப் பார்த்தோம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறந்த லேண்ட் குரூசரில் மூன்று வரிசை இருந்தால், ஒரு வரிசைக்கு இருவர் என்றால் எல்லோருக்கும் ஓரத்து இருக்கை. மூவர் என்றால் நடுவில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் தோளுக்கு மேல்தான் பார்க்க வேண்டும். வண்டி எங்களுக்கு மட்டுமா, பிறரும் வருவார்களா என்பதும் கேட்க வேண்டியதே. பறவை பார்ப்பவரும் சிங்கம் மட்டும் போதும் என்பவரும் ஒரே வண்டியில் சிக்கிக்கொள்வது இருவருக்கும் தண்டனை.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது கடைசி எண்ணை விட 'இதில் அடங்காதவை' என்ற பகுதியையே முதலில் படிக்க வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம், சிறு விமானக் கட்டணம், மோகோரோ என்னும், நீண்ட கழியால் உந்தப்படும் தோணிப் பயணம், குடிவகைகள், விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்லுதல், தனியாகக் கூடாரம் கேட்பவருக்கான கூடுதல் தொகை ஆகியவை ஒன்றில் சேர்ந்தும் மற்றொன்றில் சேராமலும் இருக்கும். இவற்றை எல்லாம் கூட்டிய பிறகு, முதலில் மலிவாகத் தெரிந்த திட்டம் எங்கள் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. முன்பணம் போக மீதியைப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் செலுத்தச் சொல்வது வழக்கம். இந்தியாவிலிருந்து வங்கி வழியாக அனுப்பும்போது மூலத்தில் வரி பிடிக்கப்பட்டால், அதற்கான சான்றைப் பத்திரப்படுத்தி வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். பயணக் காப்பீட்டில், காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அடங்குகிறதா என்பதை விதிமுறையில் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. கடுமையான நோய் என்றால் ஜோகன்னஸ்பர்க் வரை கொண்டுசெல்ல நேரிடும். அன்பளிப்பைப் பொறுத்தவரை, ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் இருபது டாலர் வரை வழிகாட்டிக்கும், அதற்குக் குறைவான ஒரு தொகை மற்றப் பணியாளர்களுக்கும் என்பது பரவலான வழக்கம். சிறு நோட்டுகளாகத் தனித்தனி உறையில் வைத்துக் கடைசி நாளில் கொடுத்தோம்.

விசாவிலும் தடுப்பூசியிலும் விமானப் பாதையே பலவற்றை முடிவு செய்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாறும்போது, இரு பயணங்களும் ஒரே சீட்டில் இருந்து பெட்டிகள் நேரே மவுனுக்குப் போனால் வெளியே வர வேண்டியதில்லை. தனித்தனியாக வாங்கிய மலிவுச் சீட்டுகள் என்றால் பெட்டியை எடுக்கக் குடியேற்றத்தைக் கடக்க வேண்டும், அதற்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகச் செல்பவர்களை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கக்கூடும். திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள், சான்று இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள்களுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும், அதன் பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும். விக்டோரியா அருவிக்காக ஜிம்பாப்வேக்கோ ஜாம்பியாவுக்கோ கடப்பதாக இருந்தால், எந்த நாட்டுக்கு எத்தனை முறை நுழைகிறோம் என்று வரைபடத்தில் விரல் வைத்து எண்ணிய பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மூட்டை கட்டுவதில் மூன்று விதிகள்தான் உண்மையில் முக்கியமானவை. சிறு விமானம் ஏறுவதாக இருந்தால் கைப்பையும் சேர்த்துப் பதினைந்து முதல் இருபது கிலோ, அதுவும் சக்கரமும் சட்டமும் இல்லாத துணிப் பை. விமானத்தின் அடிவயிற்றில் உள்ள சரக்கு அறைக்குள் மடங்காத பெட்டி ஏறாது. இராணுவ உடையைப் போன்ற பச்சைப் புள்ளி ஆடைகளைப் பொதுமக்கள் அணிவது அப்பகுதி நாடுகள் பலவற்றில் சட்டப்படி குற்றம். மூன்றாவது, குளிர். ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டைகளை மட்டும் எடுத்து வைப்பவர்கள் ஜூலை விடியலில் திறந்த வண்டியில் நடுங்கிப்போவார்கள். ஐந்து டிகிரியும் அதற்குக் கீழும் குளிர் இறங்கும், வண்டியின் வேகத்தில் காற்று வேறு அறையும். நண்பகலிலோ இருபத்தைந்தைத் தாண்டிவிடும். கம்பளித் தொப்பி, கையுறை, கழுத்துத் துணி ஆகியவை கேமராவை விட முந்தியவை. பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒன்றை நால்வர் கைமாற்றுவதற்குள் பறவை பறந்துவிடும்.

சைவ உணவுக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை, முன்கூட்டியே எழுதிவிட்டால் போதும். எங்கள் சமையற்காரர் தணலில் இரும்புப் பானையை வைத்தே ரொட்டி சுட்டார். சோளமாவுக் களியும் மொரோகோ என்னும் கீரையும் எங்கள் நாக்குக்கு அந்நியமாகவே இல்லை. மைத்துனர் மனைவி கொண்டுவந்த பருப்புப் பொடியை அவர் ஒருநாள் சுவைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் களிக்கு அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். சாலைவழியே போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: கோமாரி நோய் மாடுகளுக்குப் பரவாமல் தடுக்க நாட்டின் குறுக்கே வேலிகள் உண்டு, சோதனைச் சாவடிகளில் பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள், காலணிகளை மருந்து நீரில் நனைக்கச் சொல்வார்கள்.

முகாமுக்கு வேலி கிடையாது. இரவில் சிங்கம் கர்ஜிப்பதும், யானை கூடாரத்தின் பக்கத்தில் நின்று கிளை ஒடிப்பதும், கழுதைப்புலி சமையலறைப் பக்கம் மோப்பம் பிடிப்பதும் நாள்தோறும் நடப்பவை. மூடிய கூடாரத்தை விலங்குகள் ஒரு பொருளாகக் கருதிக் கடந்துபோய்விடும். ஜிப்பைத் திறந்து வெளியே வருவதே ஆபத்து. காலணியை வெளியே விட்டால் கழுதைப்புலிக்கு அது விருந்து. பழங்களைக் கூடாரத்துக்குள் வைத்தால் யானையும் குரங்கும் தேடி வரும். இரவில் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதை வெட்கப்படாமல் முதல் நாளே வழிகாட்டியிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு இது விலங்கு பார்ப்பதை விடப் பெரிய கேள்வி.

பாதையின் இரண்டாம் பகுதி முற்றிலும் வேறு. சவூட்டியின் கால்வாய் 1980களின் தொடக்கத்தில் வற்றி, ஏறக்குறைய கால்நூற்றாண்டு வறண்டு கிடந்து, பிறகு மீண்டும் ஓடி, மறுபடியும் வற்றியது. நிலத்தடி அசைவும் மேற்கேயுள்ள ஆறுகளின் வரத்தும் சேர்ந்து தீர்மானிக்கும் அந்த நீரை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், சவூட்டிக்கு இரண்டு இரவுகளுக்கு மேல் ஒதுக்குவதற்கு முன் அந்த ஆண்டின் நிலையைக் கேட்டறிய வேண்டும். சோபே ஆறோ வற்றாதது. 2022இல் ஐந்து நாடுகள் சேர்ந்து எடுத்த வான்வழிக் கணக்கெடுப்பில் அவற்றுக்குப் பொதுவான, காசா (KAZA) என்னும் எல்லை தாண்டிய காப்பக வட்டாரத்தில் ஏறக்குறைய 2,28,000 யானைகள் இருப்பதாகவும், அவற்றில் பாதிக்கு மேல் போட்ஸ்வானாவில் இருப்பதாகவும் தெரிந்தது; வறண்ட மாதங்களின் பிற்பகலில் சோபே கரையில் நின்றால் அந்த எண் வெறும் எண்ணாகத் தோன்றாது. கசானேயிலிருந்து படகில் சென்று செடுடு தீவைச் சுற்றினோம். போட்ஸ்வானாவும் நமீபியாவும் உரிமை கோரிய அத்தீவை அனைத்துலக நீதிமன்றம் 1999இல் போட்ஸ்வானாவுக்கு என்று தீர்த்தது. யானைகள் இரு நாட்டுக்கும் இடையே தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நீந்திக் கடக்கின்றன. இங்கே படகுகளும் வண்டிகளும் நெரிசலாக இருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே மொரேமியின் தனிமையை முதலிலும் சோபேயைக் கடைசியிலும் வைத்தது சரியா என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு; என் மனைவி யானைகளைக் கடைசியில் வைத்ததே சரி என்கிறார். நானாக இருந்தால் கசானேயில் தொடங்கி, கூட்டத்திலிருந்து தனிமையை நோக்கிப் போயிருப்பேன்.

விக்டோரியா அருவியை இதோடு சேர்ப்பவர்கள் மாதத்தைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் மிகுந்து, எழும் சாரலே அருவியை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியாப் பக்கத்தின் பெரும்பகுதி வெறும் பாறையாக நிற்கும், ஜிம்பாப்வேப் பக்கத்தில் மட்டும் நீர் விழும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு பக்கமும் பார்க்கத்தக்கவை.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மலேரியா தடுப்பு மாத்திரைகளை மருத்துவர் உங்கள் உடல்நிலையைப் பார்த்தே எழுதித் தருவார். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் ஏழு நாள்களும், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரங்களும் தொடர்ந்து விழுங்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். டாக்ஸிசைக்ளின் எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும் என்பதால் பயணத்தின்போதே நீண்ட கைச்சட்டை அணிவது நல்லது. மாத்திரை எடுத்திருந்தாலும், திரும்பிய அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவின் மலேரியாப் பகுதிக்குச் சென்று வந்ததை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே முதல் வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அங்கே பெரும்பாலும் பரவுவது பால்சிபாரம் வகை; அது நாள்களை அன்றி மணிகளைக் கணக்கிடும் நோய்.